ஊடுருவும் இனமா, வல்வளைப்பு இனமா?

உண்ணிச்செடியைப் (லன்டானா) பற்றியோ சீமைக்கருவேலத்தைப் பற்றியோ வரும் கட்டுரைகளில், வெளியிலிருந்து வந்து பெருகி உள்ளூர் உயிர்களை நெருக்கும் உயிரினத்தைக் குறிக்க 'ஊடுருவும் இனம்' என்ற தொடர் இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. இதற்கு மூலமான 'இன்வேசிவ்' (invasive) என்னும் ஆங்கிலக் கலைச்சொல், 'உள்ளே செல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து படையெடுப்பைக் குறிக்க வந்தது. சூழலியலில் அதை வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர், 1958இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதிய சார்லஸ் எல்டன். நம் மொழிபெயர்ப்பாளர் வேரைப் பார்த்தாரே ஒழியப் பொருளைப் பார்க்கவில்லை.

ஊடுருவல் என்றால் தமிழில் துளைத்துச் செல்லுதல், அல்லது கண்ணில் படாமல் எல்லை கடந்து நுழைதல். சீமைக்கருவேலம் அப்படி நுழைந்ததன்று. 1877இல் ஆங்கிலேயர் கடப்பைப் பகுதியில் விதைத்து வளர்த்த மரம் அது, பிறகு வறண்ட நிலங்களில் விறகுக்காகவும் பரப்பப்பட்டது. உண்ணிச்செடியும் பூவழகுக்காகத் தோட்டங்களில் வைக்கப்பட்டதுதான். தலைவாசல் வழியே அழைத்து வந்ததை ஊடுருவல் என்பது அழைத்தவரின் பொறுப்பை மறைக்கிறது. மேலும், கேடு நுழைவதில் இல்லை. நுழைந்தபின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. உண்ணி மண்டிய காட்டில் புல் அருகி, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் குறைகிறது. மன்னார் வளைகுடாவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் கடற்பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து அதை மூடியது.

'அந்நிய இனம்' என்பது இதனினும் மோசம். மிளகாயும் நிலக்கடலையும் அந்நியமே. அவற்றால் எந்தக் காடு அழிந்தது? நீலகிரியின் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவையே என்றாலும், சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிக்குள் தானாகவே பெருகிப் புல்லை ஒழிப்பதில் சீகைக்குக் கற்பூர மரம் ஈடாகாது. பிறப்பிடத்தை மட்டும் சுட்டும் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. பெருகிக் கேடு செய்யும் அயல்தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வகுத்துள்ள தமிழ்நாட்டில், எதை அகற்றுவது என்பதையே இந்தச் சொல் குழப்பிவிடும்.

'ஆக்கிரமிப்பு இனம்' என்று எழுதினால் எனக்குக் குறையில்லை. ஏரி ஆக்கிரமிப்பைக் கேள்விப்படாத வாசகர் இங்கு யார்? வடசொல் வேண்டாம் என்பாருக்கு, ஈழத்து எழுத்தில் வழங்கும் 'வல்வளைப்பு' இருக்கிறது. நிலத்தை வளைத்துப்போட்டான் என்று ஊரில் சொல்கிறோமே, அதே வளைத்தல்தான். அயலிலிருந்து வந்ததையும் சேர்த்துச் சொல்ல 'வல்வளைப்பு அயலினம்' எனலாம். நாவில் புரளாது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கப்பாபைகஸ் புரளும் நாவில் இதுவும் புரளும்.