சட்டை தளர்ந்தால் நிறை பாருங்கள்

நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த அம்மா அவர். வாய்ப்புற்று. "உங்க நிறை எவ்வளவும்மா?" என்று கேட்டேன், தெரியவில்லை. கடைசியாக மலைக்குப் போன நாளில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தீர்கள் என்றதும், "17 மிஸ்" என்று சட்டென்று சொன்னார். சட்டையின் இரண்டு பக்கமும் ஊசி குத்திப் பிடித்திருந்தார். பழைய பிரஷர் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் நாலு மாதத்துக்கு முன் 48 கிலோ. இப்போது 42. உடம்பில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது.

புற்றுநோயாளர் ஆறு மாதத்துக்குள் தன் நிறையில் 5 வீதத்துக்கு மேல் இழந்தாலே நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். ஏற்கெனவே மெலிந்தவருக்கு 2 வீதத்தைத் தாண்டினாலே போதும். 1980இல் அமெரிக்காவில் 3,000க்கு மேற்பட்ட நோயாளரைப் பார்த்து எழுதிய ஆய்வொன்று உண்டு. கீமோ தொடங்கும் முன்பே நிறை குறைந்திருந்தவர்கள், பெரும்பாலான புற்றுவகைகளில் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள். நோய் பசியை அடக்கித் தசையைக் கரைக்கிறது. தசை போன உடம்பு கீமோவைத் தாங்காது, மருந்தைக் குறைக்கவோ தள்ளிவைக்கவோ வேண்டி வரும்.

நோய் எடுப்பது போதாதென்று பத்தியமும் எடுக்கிறது. முட்டை சூடு, மீன் புண்ணைக் கிளப்பும், இறைச்சி ஆகவே ஆகாது என்பார்கள். மிஞ்சுவது ரொட்டியும் கஞ்சியும் பால் விடாத சாயத்தண்ணியும்தான். வாய் எரிவதால் அந்த அம்மா ரொட்டியையும் தேத்தண்ணியில் நனைத்து இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்துவிடுவாராம். மருமகள் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 42 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 42 கிராம், முடிந்தால் 60 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் அளவில் இருக்கிறது. சாயத்தண்ணியில் ஒன்றுமே இல்லை.

கஞ்சியை நிறுத்தச் சொல்லவில்லை. பருப்பைக் குழைய அவித்து அதில் மசித்து, தேங்காய்ப்பால் விட்டு, கொதிக்கும்போதே முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிடச் சொன்னேன். மிளகாய் வேண்டாம். மூன்று வேளைக்குப் பதில் ஆறு தடவை, கோப்பை கோப்பையாக. விழுங்கவே முடியாமல் போய் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னால் பயப்படாதீர்கள், கடைசிக் கட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை. முட்டை விலை தெரிந்துதான் சொல்கிறேன். சிகிச்சைக்காகக் கண்டிக்கும் மகரகமைக்கும் போகிற பஸ் காசுக்கே கஷ்டப்படும் வீடுகள் இவை. அப்படியென்றால் முதலில் பருப்பைக் கூட்டுங்கள்.

சாப்பாடு புற்றைக் குணப்படுத்தாது, சிகிச்சையைத் தாங்கும் பலத்தைத் தரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தோட்ட டிஸ்பென்சரியில் நிறை பார்த்து, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுங்கள்.

போன வாரம் அந்த அம்மா 42.5 கிலோ. சட்டையில் ஊசி இன்னும் இருக்கிறது. ரேடியேஷன் சொன்ன திகதியிலேயே தொடங்கிவிட்டது.