பேஸ் கிட்டாருக்கு பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி பிரிட்ஜுக்கு அடியில இருக்கற வயரைப் பாருங்க

கிட்டார் ரிப்பேர்தான் என் தொழில். போன மாசம் ஒரு தம்பி பேஸ் கொண்டு வந்தாரு, பாடி முழுக்க அவரே கைப்பட வரைஞ்ச மீன், அலை, செதில் ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது, அவ்ளோ அழகு. ஆனா ஆம்ப்ல மாட்டினா கொர்ர்ருனு ஒரே இரைச்சல். பிக்கப்தான் (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலா மாத்தற காந்தப் பாகம்) கோளாறுன்னு நினைச்சு புதுசா வாங்கி மாத்தியும் பாத்துட்டாரு, சத்தம் அப்படியே இருக்கு.

ஸ்ட்ரிங்கை தொட்டுப் பாத்தேன். சரியா இருக்கற பேஸ்ல தொட்டவுடனே இரைச்சல் குறையும், இதுல குறையல. பிரிட்ஜை, அதாவது பாடி மேல ஸ்ட்ரிங் நுனியைப் பிடிச்சிருக்கற உலோகத் தகட்டைக் கழட்டினா விஷயம் அங்கதான். பிரிட்ஜுக்கு அடியில பாடிலேருந்து ஒரு சின்ன செம்பு வயர் எட்டிப் பாக்கும், ஸ்ட்ரிங்கை எர்த்தோட சேக்கறது அதுதான். அது மேல பெயிண்ட், அதுக்கு மேல கிளியர் கோட்னு நிறமில்லாத பாதுகாப்பு பூச்சு. பிளேடால சுரண்டி வயர் நுனியைப் பளபளன்னு ஆக்கி, பிரிட்ஜுக்கும் கேபிள் மாட்டற ஜாக்கோட எர்த் முனைக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சேன், கிட்டத்தட்ட சைபர் ஓம். இரைச்சல் அடங்கிடுச்சு. புது பிக்கப்புக்குப் போட்ட காசை நினைச்சா எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு.

லியோ ஃபெண்டர் 1951-ல ப்ரிசிஷன் பேஸ்ங்கற மாடலைக் கொண்டு வந்தப்பவே நெக்கை (விரல் வச்சு வாசிக்கற நீளமான பாகம்) பாடியோட ஸ்க்ரூ போட்டுத்தான் சேத்தாரு, அதனாலதான் இன்னிக்கும் வீட்லயே கழட்டி மாட்ட முடியுது. ஆனா அந்த நெக் உக்காருற பள்ளத்துல பெயிண்ட் போகவே கூடாது. நாலு கோட் ஏறினாலே நெக் உள்ள போகாது, அடிச்சு உள்ள தள்ளினா ஓரத்துல பெயிண்ட் வெடிக்கும், கொஞ்சம் சாஞ்சு உக்காந்தாலும் ஸ்ட்ரிங் உயரமே மாறிடும். மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிட்டு அடிங்க. கழட்டும்போது ஸ்ட்ரிங்கை முழுசா தளத்திட்டுதான் ஸ்க்ரூல கை வைக்கணும், நாலு ஸ்ட்ரிங்கும் சேந்து சுமார் 75 கிலோ இழுத்துக்கிட்டு இருக்கும்.

பார்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி அளவு எடுங்க, பேரைப் பாத்து வாங்காதீங்க. ஜாஸ் பேஸ்ங்கற ஃபெண்டர் மாடல்ல ரெண்டு பிக்கப்பும் பாக்க ஒண்ணு போல இருக்கும், ஆனா பெரும்பாலான மாடல்ல நெக் பக்கத்து பிக்கப் கொஞ்சம் குட்டை, ரெண்டும் ஒரே சைஸ்ல வாங்கிட்டா ஒண்ணு பள்ளத்துல இறங்காது. பேட்டரில ஓடற ஆக்டிவ் பிக்கப்புக்கு 25கே (கிலோ ஓம்) பாட், அதாவது வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்கற பாகம், பேட்டரி இல்லாத சாதா சிங்கிள் காயில் பிக்கப்புக்கு 250கே, இதைக் கலந்துட்டா டோன் மழுங்கிடும் இல்லன்னா நாப் ஒழுங்கா வேலை செய்யாது. கனமான புது பிரிட்ஜ் போட்டா அடித்தட்டு தடிமனையும் பாருங்க, சில சமயம் சேடிலை (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்காருற சின்ன துண்டு) எவ்ளோ இறக்கினாலும் ஸ்ட்ரிங் உயரமாவே நிக்கும்.

படம் வரையறதுக்கு அக்ரிலிக் பெயிண்ட் மார்க்கர் நல்லா நிக்கும். ஸ்பிரிட் கலந்த பெர்மனன்ட் மார்க்கர்ல வரைஞ்சு மேல ஸ்ப்ரே கிளியர் அடிச்சா மை கரைஞ்சு கோடெல்லாம் ஒழுகும், அதனால முதல்ல ஒரு மரத்துண்டுல டெஸ்ட் பண்ணுங்க, அப்புறமும் முதல் ரெண்டு மூணு கோட் பனி தூவுற மாதிரி லேசா அடிங்க.

இதை மட்டும் கெஞ்சிக் கேக்கறேன். ஹார்டனர் கலந்து அடிக்கற ரெண்டு பாக கிளியரை வீட்டு ரூம்ல அடிக்காதீங்க. பெரும்பாலும் அதுல ஐசோசயனேட்ங்கற கெமிக்கல் இருக்கும், மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் துளி பட்டாலும் மூச்சுத் திணறும். சாதா தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. நான் அந்த வேலையை பெயிண்ட் பூத் இருக்கறவங்ககிட்டதான் குடுக்கறேன்.

காஞ்ச பிறகு ஸ்க்ரூ ஓட்டை வாயில இருக்கற பெயிண்டை பெரிய டிரில் பிட்டைக் கையாலயே சுத்தி லேசா எடுத்துடுங்க, இல்லன்னா ஸ்க்ரூ ஏறும்போது செதில் செதிலா பேந்து வரும். லாக்கர் (தின்னர் கலந்த ஒரு வகை பூச்சு) அடிச்சிருந்தா பாடியை மூக்குகிட்ட வச்சு மோந்து பாருங்க. தின்னர் வாசம் வந்தா உள்ள இன்னும் காயல, பிரிட்ஜ் ரெண்டு வாரம் டப்பாலயே இருக்கட்டும்.