கையில் கரண்டி இருக்கும்போதே ‘கரண்டி’ என்று சொல்லுங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தையிடம் வீட்டில் ஒரு நாள் பேசுவதை எழுதிப் பாருங்கள். ‘இங்க வா’, ‘அதைத் தொடாதே’, ‘கீழ போடு’, ‘குடு’, ‘வாயில வைக்காதே.’ இவற்றில் ஒரு பொருளின் பெயரும் இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் தமிழில் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடும். பெரியவர்களுக்கு அது வசதி. சொல் சேர்க்கும் வயதில் இருக்கும் குழந்தைக்கோ அது இழப்பு. ‘நாள் முழுக்கப் பேசிக்கிட்டேதான் இருக்கோம், ஆனா பேச மாட்டேங்கிறான்’ என்று பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெற்றோரிடம் நாங்கள் முதலில் கேட்டுக்கொள்வது, அந்தப் பேச்சுக்குள் பெயர்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான்.

முதல் சொல் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி வருகிறது. புரிதல் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கே சில உணவுகளின் பெயரும் உடல் உறுப்புகளின் பெயரும் ஓரளவு புரிவதாக 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ‘இன்னும் பேசலையே, இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது’ என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு பெயர் எந்தப் பொருளோடு ஒட்டுகிறது? இந்தியானா பல்கலைக்கழகத்தில் லிண்டா ஸ்மித், சென் யூ இருவரும் குழந்தைகளின் நெற்றியில் சின்னக் கேமரா மாட்டி, அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்த்தார்கள். பெரியவர் கண்ணுக்கு மேஜைமேல் இருக்கும் பொம்மைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். குழந்தைக்குக் கை குட்டை. எடுத்த பொருளை முகத்துக்குக் கிட்டே கொண்டுவருகிறது. அந்த ஒன்றே பார்வையை நிறைத்து மற்றதை மறைத்துவிடுகிறது. அந்த நொடியில் சொன்ன பெயரைக் குழந்தை பிடித்துக்கொண்டது. பல பொருள்கள் ஒன்றாகத் தெரிந்தபோது சொன்ன பெயர் அப்படிப் பதியவில்லை.

இதை வீட்டில் செய்ய அடுப்படித் தரை போதும். குழந்தை இழுப்பறையிலிருந்து கரண்டியை உருவிவிட்டது. திருப்பிப் பார்க்கிறது, குழிப் பக்கத்தை நக்குகிறது, தட்டில் அடிக்கிறது. நீங்களும் தரையில் எதிரே உட்காருங்கள். உங்கள் வாயும் கண்ணும் அதற்குத் தெரிய வேண்டும். அது கரண்டியைப் பார்க்கும்போது ‘கரண்டி’ என்று சொல்லி நிறுத்துங்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு ‘பெரிய கரண்டி.’ மறுபடி இடைவெளி. ‘பாப்பா கரண்டி வச்சிருக்கு.’ மூன்று, நான்கு முறை போதும். குழந்தை கரண்டியை விட்டு மூடியை எடுத்தால், ‘இங்க பாரு, கரண்டி’ என்று முகத்தைத் திருப்பாதீர்கள். இப்போது மூடிதான் பாடம். நம் விருப்பத்துக்குக் குழந்தையின் கவனத்தை இழுப்பதைவிட அதன் கவனம் போகும் இடத்துக்கு நாம் போனால் சொல் நன்றாகச் சேரும்.

அந்த ஐந்து எண்ணுவதுதான் பெற்றோருக்கு மிகக் கடினம். அமைதி வந்ததும் ‘சொல்லு, சொல்லு, கரண்டி சொல்லு’ என்று நிரப்பிவிடுகிறார்கள். அது குழந்தைக்குப் பரீட்சை. சில குழந்தைகள் பரீட்சையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. வேற்றுமை சேர்ந்ததும் பெயரின் உருவமே மாறிவிடும். ‘மரம்’ என்பது ‘மரத்துல’ ஆகும், ‘வீடு’ என்பது ‘வீட்டுக்குள்ள’ ஆகும், ‘ஆடு’ என்பது ‘ஆட்டை’ ஆகும். வெறும் ‘மரம்’ காதில் விழாத குழந்தைக்கு ‘மரத்துல’ என்பதிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது கூடுதல் வேலை. நல்லவேளை, ‘பந்து எடு’, ‘செருப்பு போடு’ என்று உருபில்லாமல் பேசுவதும் நமக்கு இயல்புதான். ‘அதை எடு’ என்பதற்குப் பதில் ‘பந்து எடு’ என்றாலே பாதி வேலை முடிந்தது.

வாரத்துக்கு ஐந்து சொற்கள் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர், செருப்பு, சோப்பு, பந்து, வாழைப்பழம் போல நாளும் கையில் படுபவை. வரிக்குதிரை காத்திருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வகை காட்டுங்கள்: எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர். இரண்டு வயதை நெருங்கும் குழந்தைகள் பொருளின் வடிவத்தை வைத்துத்தான் பெயரைப் பரப்புகிறார்கள். நிறமோ உலோகமோ பெயரை மாற்றாது என்று அவர்களுக்குத் தெரிய இந்த வகைகள் வேண்டும். சாதம், தயிர் போன்றவற்றுக்கு நிலையான வடிவம் கிடையாது. அவற்றைப் பிசைந்து அளையத்தான் வேண்டும். தரை அழுக்காவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்கனியில் உட்காரும் புறாவைக் குழந்தை ‘காக்கா’ என்று சொன்னால் தப்பு என்று சொல்லாதீர்கள். தெரிந்த சொல்லை இல்லாத இடத்துக்கு நீட்டுகிறது, அவ்வளவுதான். ‘ஆமா, பறக்குது. புறா’ என்றால் போதும். ‘மம்மு’, ‘தாச்சி’ போன்ற மழலைச் சொற்களாலும் கெடுதல் இல்லை. பக்கத்திலேயே ‘சாதம்’, ‘தூக்கம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

பெங்களூரு வீடுகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாட்டி தமிழ், வேலைக்கு வரும் அக்கா கன்னடம், டே கேரில் ஆங்கிலம். இதனால்தான் பேச்சு தாமதமாகிறது என்று சொல்லி, ஒரே மொழி பேசுங்கள், அதுவும் ஆங்கிலம் மட்டும் என்று அறிவுரை தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது தவறு. பல மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. அந்த அறிவுரையால் உண்மையில் நடப்பது, ஆங்கிலம் வராத பாட்டி வாயை மூடிக்கொள்வது. குழந்தையிடம் அதிகம் பேசிய ஆள் அவராகத்தான் இருந்திருப்பார். சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தமிழில் 22, கன்னடத்தில் 15, ஆங்கிலத்தில் 18 என்றால் அந்தக் குழந்தைக்கு 55 சொற்கள். மதுரையில் இருக்கும் அத்தை மகளின் தமிழோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பால்-ஹாலு, பூ-ஹூவு, பல்லு-ஹல்லு, புலி-ஹுலி என்று இரு மொழிகளும் கைகோத்து வருவதைக் குழந்தையோடு சேர்ந்து ரசிக்கலாம்.

சுவரில் தொங்கும் படச் சார்ட்டைவிடக் கையில் இருக்கும் செருப்பு நல்ல ஆசிரியர். மொபைல் வீடியோ குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

ஒரு வயது தாண்டியும் விரலால் சுட்டிக் காட்டாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்கூட இல்லாவிட்டால், இரண்டு வயதில் 50 சொல் இல்லாமலோ ‘பால் வேணும்’ போல இரு சொல் சேராமலோ இருந்தால், சேர்ந்த சொற்கள் எந்த வயதிலும் காணாமல் போனால், ‘அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது. தட்டு விழும் சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுக்காதில் நீர் தங்கிக் கேட்கும் திறன் ஏறி இறங்கும். ஓஏஇ, பெரா என்ற கேட்டல் பரிசோதனைகளில் வலி கிடையாது. பெராவைப் பெரும்பாலும் குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள். அதனால் தூங்கவைக்காமல் அழைத்துப் போவது நல்லது. பெங்களூருவில் நிம்ஹான்ஸில் பேச்சு, கேட்டல் துறை இருக்கிறது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது.

போகும்போது குழந்தை சொல்லும் சொற்களின் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த மொழி, யாரிடம் சொல்கிறது என்று குறியுங்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். ‘தண்ணி’யைக் குழந்தை ‘அண்ணி’ என்று சொன்னால் ‘அண்ணி’ என்றே எழுதுங்கள்.