ஒரே இழை, 32 வீடு: வெளிச்சம் மோதிக்கொள்ளாதது எப்படி?

நெல்லை பெருமாள்புரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் காலனியில் ஃபைபர் இழுக்கிறார்கள். தெருவுக்கு ஒரு கண்ணாடி இழைதான் வரும், அதையே 32 வீட்டுக்குப் பிரிப்போம் என்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் எதையாவது அனுப்பினால் மோதாதா? பக்கத்து வீட்டுக்காரர் நான் அனுப்புவதைப் பார்த்துவிட மாட்டாரா? வேலையை ஒழுங்காகத் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்களா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?"

மூன்றுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கான விடை, எனக்குத் தெரிந்த பொறியியல் தந்திரங்களிலேயே அழகானது. அதற்குக் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் தப்பாமல் ஓடக் காரணம் முழு அக எதிரொளிப்பு. பள்ளியில் படித்ததுதான். வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான் அகலம், வெளிக்கண்ணாடியோடு சேர்த்தால் 125 மைக்ரான். 1966-இல் சார்லஸ் காவ், கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் (நூறில் ஒரு பங்கு வெளிச்சமாவது மிஞ்சும் அளவு) கொண்டுவரலாம் என்று எழுதினார். 1970-இல் கார்னிங் நிறுவனம் 17 டெசிபலைத் தொட்டது. இன்று அது, மிகக் குறைவாக இழக்கும் அலைநீளத்தில், 0.2 டெசிபல். அதாவது 15 கி.மீ. ஓடிய பிறகும் பாதி வெளிச்சம் மிச்சம் இருக்கும். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பிரிப்பதற்கு வருவோம். தெருமுனைப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிளிட்டர் வெறும் கண்ணாடி. அதற்கு மின்சாரம் வேண்டாம், உள்ளே சிப்பும் கிடையாது. வரும் வெளிச்சத்தை 32 கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் 32-இல் ஒரு பங்கு கொடுக்கும். கணக்குப்படி 15 டெசிபல் இழப்பு, நடைமுறையில் 17 வரை போகும். பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: வீட்டிலிருந்து மேலே போகும் வெளிச்சத்துக்கும் அதே இழப்புதான். ஒன்றாகச் சேர்கிறதே, இழப்பு ஏன் என்று தோன்றும். ஆனால் ஸ்பிளிட்டரின் கண்ணாடி இரண்டு திசைக்கும் ஒரே விதமாகத்தான் நடந்துகொள்ளும்.

கீழே வருவது எளிது. தலைமை நிலையத்தில் இருக்கும் கருவிக்கு ஓ.எல்.டி. என்று பெயர். அது 1490 நானோமீட்டர் அலைநீளத்தில், நொடிக்கு 2.488 கிகாபிட் வேகத்தில், 32 வீட்டுக்கான தகவலையும் சேர்த்தே அனுப்பும். எல்லாம் எல்லா வீட்டுக்கும் போகும். உங்கள் வீட்டு மோடம் தன் பெயரிட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுத் தகவலும் உங்கள் சுவர் வரை வருகிறது, ஆனால் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில் பூட்டி வருவதால், சாவி இல்லாத உங்கள் மோடத்துக்கு அது வெறும் சத்தம். பக்கத்து வீட்டார் அனுப்புவதோ உங்கள் பக்கம் வருவதே இல்லை. ஸ்பிளிட்டர் அந்த வெளிச்சத்தை மேல்நோக்கி மட்டும்தான் விடுகிறது. இரண்டாவது கேள்வி முடிந்தது.

மேலே போவதுதான் சிக்கல். 32 மோடங்களும் 1310 நானோமீட்டரில், ஒரே அலைநீளத்தில் பேசுகின்றன. இரண்டு பேர் ஒரே நொடியில் பேசினால் ஓ.எல்.டி.யின் கண்ணுக்கு இரண்டும் கலங்கிப்போகும். அதனால் முறை வைத்துப் பேச வேண்டும். ஓ.எல்.டி. 125 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை பட்டியல் அனுப்புகிறது: நீ இந்த இடத்தில் தொடங்கு, இந்த இடத்தில் நிறுத்து. நொடிக்கு 8,000 பட்டியல். யாரிடம் அனுப்ப நிறைய இருக்கிறதோ அவருக்கு நீண்ட முறை, சும்மா இருப்பவருக்குக் குறுகிய முறை.

முறை வைத்தால் மட்டும் போதாது. கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செகண்ட். 2 கி.மீ. தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போய்வர 20 மைக்ரோ செகண்ட் ஆகும், 3 கி.மீ. வீட்டுக்கு 30. இந்த 10 மைக்ரோ செகண்டுக்குள், மேல்நோக்கி ஓடும் 1.244 கிகாபிட் வேகத்தில் 12,000 பிட்டுக்கு மேல் போய்விடும். இரண்டு வீடும் பட்டியலில் சொன்னபடியே தொடங்கினாலும், ஒன்றின் வால் இன்னொன்றின் தலையில் மோதும். நெல்லை புது பஸ் ஸ்டாண்டில் ஒரே பிளாட்பாரத்துக்குப் பாபநாசம் பஸ்ஸும் வள்ளியூர் பஸ்ஸும் வரவேண்டும், ஒன்று வெளியேறிய மறுகணமே மற்றது நுழைய வேண்டும் என்றால், எது எப்போது கிளம்ப வேண்டும் என்பதைத் தூரத்தை வைத்துத்தானே முடிவு செய்ய முடியும்?

அந்தத் தூரத்தை ஓ.எல்.டி. தானே அளக்கிறது. புது மோடம் ஒன்று சேரும்போது மற்ற எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்கிறது. அந்த அமைதியில், "புதிதாக யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறது. புது மோடம் தன் வரிசை எண்ணைச் சொல்கிறது. இரண்டு புதிய மோடங்கள் ஒரே சமயத்தில் பதில் சொல்லி மோதிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒரு சிறு தாமதத்தைத் தேர்ந்துகொள்ளும். பிறகு ஓ.எல்.டி. அந்த மோடத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பதில் வந்து சேரும் நேரத்தை அளந்து ஒரு காத்திருப்பு எண்ணைக் கொடுக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு நீண்ட காத்திருப்பு, தூரத்தில் இருப்பவருக்குக் குறைந்த காத்திருப்பு. அதன் பிறகு ஓ.எல்.டி.யின் பார்வையில் எல்லா வீடும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. சாந்தி நகர் வீடும் ரெட்டியார்பட்டி வீடும் ஓ.எல்.டி.யிலிருந்து 20 கி.மீ. தள்ளி, தோளோடு தோள் நிற்பது போல.

ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி 32 பிட்தான். நேரமாகச் சொன்னால் சுமார் 26 நானோ செகண்ட். அதற்குள் கண்ணாடியில் வெளிச்சம் ஐந்து மீட்டர்தான் நகரும். உங்கள் காலனியையே ஐந்து மீட்டர் துல்லியத்தில் அந்தக் கருவி அளந்து வைத்திருக்கிறது.

இதோடும் முடியவில்லை. கண்ணாடி சூடானால் அதற்குள் வெளிச்சத்தின் வேகம் மிகச் சிறிதாக மாறும். ஒரு டிகிரி ஏறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 40 பிக்கோ செகண்ட் தாமதம். கத்திரி வெயிலில், கம்பத்தில் தொங்கும் 5 கி.மீ. கேபிள் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 15 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வரும் நேரத்தில் 6 நானோ செகண்ட் கூடும். அது ஏழு பிட். நம் ஊர் வெயில் உங்கள் வாட்ஸ்அப் செய்தியை ஏழு பிட் தள்ளிவிடுகிறது! ஓ.எல்.டி. அதைக் கவனித்து, காத்திருப்பு எண்ணை அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்கிறது. யாரும் பார்க்காமல் நாள் முழுக்க நடக்கும் இந்தத் திருத்தம்தான் எனக்கு இந்தத் தொழில்நுட்பத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

இதற்கு ஒரு பலவீனமும் உண்டு. ஒரே ஒரு மோடம் கெட்டுப்போய், முறை தெரியாமல் லேசரை எரியவிட்டுக்கொண்டே இருந்தால் 32 வீட்டுக்கும் இணையம் நின்றுபோகும். ஒவ்வொரு கிளையாகக் கழற்றிப் பார்த்துத்தான் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் எந்த இழை எந்த வீட்டுக்கு என்று பெட்டிக்குள் எழுதி ஒட்டியிருப்பது அவசியம்.

மூன்றாவது கேள்வி, திட்டம். அதன் இதயம் ஒரு கூட்டல் கணக்கு. வழக்கமாகப் பயன்படும் கருவி வகுப்பில் வெளிச்சம் 28 டெசிபல் வரை இழக்கலாம். 5 கி.மீ. கேபிளுக்கு 1.75 (மேலே போகும் 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 இழப்பு), ஸ்பிளிட்டருக்கு 17, பத்து இடத்தில் ஸ்பிளைசிங், அதாவது இழையோடு இழையை ஒட்டும் வேலை, செய்ததற்கு 1, நான்கு கனெக்டருக்கு 2. மொத்தம் 21.75. மிச்சம் ஆறு சொச்சம். இதில் மூன்றையாவது தொடாமல் வைக்க வேண்டும். நாளைக்கு ஜே.சி.பி. கேபிளை அறுத்தால், இடையில் ஒரு துண்டு வைத்து இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டிவரும், ஒவ்வொரு ஒட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும்.

நெல்லையைச் சுற்றியுள்ள லேஅவுட்டுகளில் மனைகள் பாதி காலியாகவே கிடக்கும், வீடுகள் பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாக எழும்பும். அங்கே தெருத்தெருவாகச் சின்ன ஸ்பிளிட்டர்களைச் சிதறி வைத்தால், ஆள் இல்லாத கிளைகளுக்கும் வெளிச்சத்தைப் பங்கு போட்டபடி இருக்கும், ஓ.எல்.டி.யில் இழை செருகும் வாய்களும் வீணாகும். ஸ்பிளிட்டர்களை ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொரு மனைக்கும் தனி இழை விட்டு, வீடு வந்ததும் இணைப்பதே நல்லது. கேபிள் கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை. செலவில் பெரும்பங்கு பள்ளத்துக்குத்தான் போகிறது, கண்ணாடிக்கு அல்ல.

அதனால் மாநகராட்சியிடம் நான் உரக்கச் சொல்ல விரும்புவது இது: பாதாள சாக்கடைக்கும் குடிநீருக்கும் சாலையைத் தோண்டும்போதே இரண்டு காலிக் குழாய்களையும் போட்டுவிடுங்கள், அவை போகும் வழியை வரைபடத்தில் ஏற்றுங்கள். பிறகு எந்த நிறுவனம் வந்தாலும் அந்தக் குழாயில் வாடகைக்கு இழையை ஊதி அனுப்பட்டும். ரத வீதிகளில் இது இன்னும் முக்கியம். தேர் போகும் தெருவில் தலைக்கு மேல் கேபிள் கட்டினால், ஆனித் தேரோட்டத்துக்கு வருஷாவருஷம் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

ஆற்றைக் கடக்கும் இடமும் அப்படித்தான். நெல்லைக்கும் பாளைக்கும் இடையே வளையமாகக் கேபிள் போட்டு, "ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் ஓடும்" என்பார்கள். வளையத்தின் இரண்டு பக்கமும் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தின் மீதே போனால் அது வளையமே இல்லை. ஒன்று அங்கே போனால், மற்றது நாலுவழிச் சாலைப் பாலத்தில் போகட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதி தண்ணீரில் நின்றதும் நமக்கு மறக்காது. ஒழுங்காக மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிளிட்டர் தண்ணீரில் மூழ்கினாலும் வேலை செய்யும். ஓ.எல்.டி.க்கு மின்சாரம் வேண்டும், அதனால் அதை மேடான இடத்தில், பேட்டரியோடு வைக்க வேண்டும். திட்டம் போடுபவர்கள் அன்றைய வெள்ள மட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டு இடம் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் பெட்டியிலிருந்து கதிர்வீச்சு வரும், குழந்தைகளுக்கு ஆகாது என்று சில குடியிருப்புகளில் பயப்படுகிறார்கள். இழைக்குள் ஓடுவது அகச்சிவப்பு வெளிச்சம், அது கண்ணாடியை விட்டு வெளியே வருவதில்லை. கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது, எச்சரிக்கை அவ்வளவுதான். இந்தப் பயம் போக, நம் மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிளைசிங் மெஷினும், வந்து சேரும் வெளிச்சத்தை அளக்கும் ஒரு பவர் மீட்டரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் வைத்திருக்கிற மாநிலம், அதை ஒட்டத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கவும் பணம் ஒதுக்க வேண்டும்.

பெருமாள்புரம் வாசகருக்கு ஒரு யோசனை. வேலை முடித்து ஒப்படைக்கும் நாளில், ஒவ்வொரு வீட்டிலும் பவர் மீட்டர் வைத்து அளந்த எண்ணை எழுத்தில் வாங்குங்கள். அது டி.பி.எம். என்ற அளவில், மைனஸில் இருக்கும். மைனஸ் 18, மைனஸ் 20 என்றால் நல்லது. மைனஸ் 25-ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள், மைனஸ் 27-தான் எல்லை. ஒரு தெருவில் எல்லாரும் மைனஸ் 20-இல் இருக்க, ஒரு வீடு மட்டும் மைனஸ் 24 காட்டினால், அந்த வீட்டு இழை எங்கோ மூலையில் ஒடுக்கமாக வளைந்திருக்கலாம், அல்லது கனெக்டரில் தூசி இருக்கலாம். அன்றைக்கே துடைத்தோ நிமிர்த்தோ மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள், சங்கத்தின் கோப்பில் அந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.