கெடு தாண்டிய டிஸ்க்

பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை நகலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாதியில் நின்றுவிடும். லினக்ஸில் கட்டாயமாக நிறுத்தும் ‘கில் -9’ கட்டளை போட்டாலும் அந்த புரோகிராம் சாகாது. ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையில் பார்த்தால் அதன் பக்கத்தில் ‘டி’ என்று ஒரு எழுத்து நிற்கும். டிஸ்க்கின் பதிலுக்காக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் காத்திருக்கிறது, இப்போது எழுப்ப முடியாது என்று அர்த்தம்.

விட்டுத் தொலைத்தால் என்ன? முடியாது. டிஸ்க்கைப் படிக்கச் சொல்லும் கோரிக்கையை அனுப்பும்போதே, “படித்ததை மெமரியில் இந்த இடத்தில் கொண்டுவந்து போடு” என்று கெர்னல் முகவரி கொடுத்துவிடுகிறது. டிஸ்க் கன்ட்ரோலர் பிராசஸரைக் கேட்காமல் நேரடியாக அங்கே எழுதும். நாம் பொறுமையிழந்து அந்த இடத்தை வேறொரு புரோகிராமுக்குக் கொடுத்த பிறகு டிஸ்க் விழித்துக்கொண்டால்? யாரோ ஒருவரின் கணக்கு நடுவே உங்கள் படத்தின் ஒரு துண்டு போய் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் பதிலுக்குக் கெர்னல் வைக்கும் கெடு முடிந்தாலும், டிஸ்க் கையை எடுத்துவிட்டதா என்று உறுதி செய்யாமல் கோரிக்கையை மூட முடியாது.

அந்தக் கெடு வழக்கமாக 30 வினாடி. கோரிக்கைக்கு ஒரு டைமர் என்று வைப்பதில்லை, கோரிக்கைகள் நிற்கும் வரிசைக்கு ஒன்றுதான். ஒவ்வொரு கோரிக்கையிலும் அதன் கெடு குறிக்கப்பட்டிருக்கும். டைமர் அடிக்கும்போது, இன்னும் முடியாதவற்றை கெர்னல் ஒரு சுற்றுப் பார்க்கும். பெரும்பாலான கோரிக்கைகள் மில்லிவினாடிகளிலேயே முடிந்துவிடுவதால் இந்தக் கஞ்சத்தனம் நியாயம்தான்.

தலைவலி சரியாக 30ஆவது வினாடியில் வருகிறது. ஒரு பிராசஸரில் ‘நேரம் முடிந்தது’ என்று டைமர் சொல்கிறது. அதே கணத்தில் இன்னொன்றில் ‘வேலை முடிந்தது’ என்று டிஸ்க்கின் இன்டரப்ட், அதாவது பிராசஸரைக் குறுக்கிட்டு அழைக்கும் சமிக்ஞை, வருகிறது. இருவரும் ஒரே கோரிக்கையை முடித்தால் விபரீதம்: அதற்கான எண் அதற்குள் புதிய கோரிக்கைக்குப் போயிருக்கலாம், சம்பந்தமில்லாத அது பலியாகும். ஆகவே கெர்னலில் டிஸ்க்குகளுக்குக் கட்டளையிடும் பகுதியான ஸ்கஸி அடுக்கில் ‘முடிந்தது’ என்ற ஒரு பிட்டை யார் முதலில் ஏற்றுகிறாரோ அவருக்கே கோரிக்கை சொந்தம். மற்றவர் பேசாமல் திரும்ப வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சரியாகச் செய்வது எளிதல்ல. 2018இல் லினக்ஸ் 4.16 இந்தப் போட்டியைத் தீர்க்க ஸ்கஸிக்கு மேலே எல்லா டிஸ்க்குகளுக்கும் பொதுவான பிளாக் அடுக்கில், கோரிக்கை மறுபயன்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் மாறும் தலைமுறை எண் ஒன்றைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு 4.18 அதைத் தூக்கிவிட்டு, டைமர் பார்த்துக்கொண்டிருக்கும் கோரிக்கையை யாரும் மறுபயன்பாட்டுக்கு எடுக்காதபடி ஓர் எண்ணிக்கையை வைத்தது.

டைமர் ஜெயித்தால் ஸ்கஸி அடுக்கு படிப்படியாகக் கையை ஓங்கும். முதலில் அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்து செய்யச் சொல்லும். பலிக்காவிட்டால் டிஸ்க்கை ரீசெட் செய்யும், அப்புறம் கன்ட்ரோலரையே. அதற்கும் அசையாவிட்டால் டிஸ்க்கை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும்.

வீட்டில் ரெய்டு (ஒன்று கெட்டாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்த அமைப்பு) வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரை (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டை) நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கெர்னல் 30 வினாடியிலேயே ரீசெட் அடிக்கும். ஒரு செக்டார் கெட்டதற்கு முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியே போகும். சர்வர் டிஸ்க்குகள் 7 வினாடி போல முயன்றுவிட்டுத் தாமே தோல்வியை ஒப்புக்கொள்கின்றன. ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்கிறது. உங்கள் டிஸ்க் ஒத்துழைத்தால் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற கருவி மூலம் அது முயலும் நேர வரம்பை 70 என்று வைக்கலாம். அலகு பத்தில் ஒரு வினாடி, ஆக 7 வினாடி. ஒத்துழைக்காவிட்டால் கெர்னலின் கெடுவை 180 வினாடியாக்குங்கள். இரண்டையும் பூட் ஸ்கிரிப்டில் போட்டுவையுங்கள், கரன்ட் போய் வந்தால் பல டிஸ்க்குகள் மறந்துவிடும்.