மேடைப் பேச்சு வேண்டாம், சர்வே எண்ணைக் கேளுங்கள்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்திலிருந்து கண்மாய், குன்று என்று வக்கீலான என்னிடம் வழக்கு கொண்டு வருபவர்கள் கைபேசி நிறையப் படங்களோடு வருவார்கள். ஜேசிபி நிற்கிறது, கரை உடைந்து கிடக்கிறது. "ஸ்டே வாங்கித் தாங்க சார்" என்பார்கள். நான் முதலில் கேட்பது, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டு நகலைத்தான். அந்தச் சர்வே எண் கண்மாய் என்று பதிவாகியிருக்கிறதா, அரசுத் தரிசு என்றா? தரிசு என்றால் என் வேலை பல மடங்கு கூடிவிடும். (நாங்கள் வாதாடும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் நிற்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ஒரு தலைவர் நிலத்தைக் காப்பாரா என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். மேடையில் கொடுத்த வாக்கை வைத்து வழக்கு நடத்த முடியாது. அவர் ஆட்சியில் வந்த அரசாணையில் எந்தெந்தச் சர்வே எண் இருக்கிறது என்பதே கணக்கு.

மேலூர் அருகே அரிட்டாபட்டியில் நடந்ததைப் பாருங்கள். ஏழு குன்றுகள், லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை, சமணத் துறவிகளின் கற்படுகை, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, குடைவரைக் கோயில் எல்லாம் உள்ள ஊர். உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002, பிரிவு 37-இன்படி 2022 நவம்பரில் தமிழக அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடமாக, அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல் தலம். மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பரப்பு சுமார் 193 ஹெக்டேர்.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனது. பரப்பு 2015 ஹெக்டேர். அறிவிக்கப்பட்ட தலமும் அதற்குள் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒன்றிய சுரங்க அமைச்சகம் சொன்ன பதில், 'தலம் பத்தில் ஒரு பங்குதான், அதை விலக்கி எல்லையை மாற்றலாம்' என்பது. அரசாணையில் இருந்த நிலத்துக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருந்தது. மீதி ஒன்பது பங்கு வயலுக்கும் கண்மாய்க்கும் ஊருக்கும் என்ன பிடி?

மக்கள்தான். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. அப்புறம் எல்லாக் கட்சியும் வெற்றியில் பங்கு கேட்டது, கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குக் கொடுத்த திருத்தம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, நம் ஊரில் எத்தனை பேர் எம்பியிடம் கேள்வி கேட்டோம்?

ஊர்க்காரர்களுக்கு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. 'மலையைக் காக்க வேண்டும்' என்று மட்டும் தீர்மானம் எழுதினால் அது கோப்பில் தூங்கும். சர்வே எண், பரப்பு, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால், மிகுநீர் வெளியேறும் கலுங்கு என்று பிரித்து எழுதுங்கள். ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கிறதா, ஊரின் உயிரின வளத்தைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் குன்று ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தத் தீர்மான நகலைக் கொடுத்து, எந்த எண்ணுக்கு அரசாணை வாங்கித் தருவீர்கள் என்று கேளுங்கள். நத்தம் பக்கம் காசம்பட்டிக் கோயில்காடு 5 ஹெக்டேர்கூட இல்லை. 2025-இல் அதற்கே பாரம்பரியத் தல அறிவிப்பு வந்துவிட்டது.