கோவானல் அட்ரீசியா: ‘மூக்கடைப்பு’ என்றால் போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பாட்டிமாருக்குப் பச்சைப்பிள்ளை கொர்கொர்ரென்று மூச்சுவிட்டால் ஒரே பதில்தான்: "சளி கட்டியிருக்கு, மூக்கடைப்பு." பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். என் அக்கா மகளுக்கு அப்படி இல்லை. பிறந்த அன்றே வார்டில், பால் குடிக்க வாய் வைத்தால் உதடு நீலம் பாயும். வீறிட்டு அழுதால் சிவக்கும். அழுகை ஓய்ந்ததும் மறுபடி நீலம். டாக்டர் ‘கோவானல் அட்ரீசியா’ என்றார். "தமிழ்ல இதுக்கு என்ன பேருடா?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்த சொற்கள். ‘கோவானே’ என்றால் புனல். மூக்குப் பாதை பின்னால் தொண்டைப் பக்கம் திறக்கும் வாய்க்கு அந்தப் பெயர். ‘அட்ரீசியா’வில் ‘அ’ இன்மை, ‘ட்ரீசிஸ்’ துளை. மண்ணெண்ணெய்ப் புனலில் பழந்துணி சிக்கினால் அது அடைப்பு, இழுத்தால் வந்துவிடும். அடியில் ஓட்டையே விடாமல் செய்த புனலை என்ன செய்வது? துளை போட்டுத்தான் ஆகவேண்டும்.

அதனால்தான் ‘பின்மூக்கு அடைப்பு’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. அடைப்பு என்றதும் கை தைலப் புட்டிக்குப் போகும். இங்கே வழியை மறித்து நிற்பது எலும்பு, அல்லது எலும்பும் சவ்வும் சேர்ந்த சுவர். ‘பின்மூக்குத் துளையின்மை’ என்பதே சரியான சொல். ‘பின்’ கட்டாயம் வேண்டும். வெறும் மூக்குத்துளை என்றால் நம் காதுக்கு முன்னால் தெரிகிற துளைதான், இல்லாவிட்டால் மூக்குத்தித் துளை.

சுமார் 5,000 முதல் 8,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது வருகிறது, பெண் பிள்ளைகளுக்கே அதிகம். பிறந்த குழந்தைக்கு மூக்குதான் மூச்சு வழி. வாயால் சுவாசிக்கப் பழக வாரங்கள் ஆகும். அழும்போது மட்டும் வாய் திறப்பதால்தான் அந்த நீலமும் சிவப்பும் மாறி மாறி வந்தன. மிசி (நர்ஸ்) ஒரு மெல்லிய குழாயை, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், மூக்கில் மெதுவாக விட்டார். மூன்று சென்டிமீட்டர் சொச்சத்தில் முட்டி நின்றது. அடுத்த பக்கமும் அப்படியே. உடனே வாய்க்குள் ஒரு காற்றுக்குழாய் வைத்து ஒட்டினார்கள். சிடி ஸ்கேனில் உறுதியானது. கண், இதயம், காது எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள், ஏனென்றால் இது சிலருக்கு ‘சார்ஜ்’ என்ற நோய்த்தொகுதியின் பகுதியாக வரும்.

குழாய் நுழைந்த இடத்திலேயே நின்றால் சந்தேகம் வேறு: முன்பக்க எலும்பு வாய் ஒடுங்கியிருக்கலாம். அதற்குக் ‘குறுக்கம்’ என்று பெயர் வைக்கலாம், துளை இருக்கிறதே. அழும்போது மூக்கினுள் ஒரு கட்டி புடைத்தால் அது மூளைச்சவ்வுப் பிதுக்கமாக இருக்கக்கூடும். ஸ்கேன் பார்க்காமல் அதில் ஊசி படவே கூடாது.

அப்புறம், ஒருபக்கத் துளையின்மைதான் அதிகம் காணப்படுவது. அது வருடக்கணக்கில் மறைந்தே இருக்கும். ஒரு மூக்கில் மட்டும் ஓயாமல் கெட்டிச் சளி வடிகிற பிள்ளை வீட்டில் இருந்தால், வாயை மூடச்சொல்லி மூக்கின் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆவி படியவே இல்லை என்றால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள்.